டிசம்பர் மழையில் ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டி நான் பட்ட பாடு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. தென்மாவட்டங்களை மூழ்கடித்த அந்தப் பெருமழை குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் வீட்டு மாடி ஷீட்டிலும் கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் வரிசையாக ஆறு ஜிஞ்சர்பிரெட் வீடுகள், அதாவது சுக்கும் கிராம்பும் போட்ட பிஸ்கட்டைச் சுவராகவும் கூரையாகவும் ஒட்டிக் கட்டும் கிறிஸ்துமஸ் அலங்கார வீடுகள். ஆறும் ஆர்டர். மூன்றாவது வீட்டின் கூரையில் ஒரு பக்கம் என் கண் முன்னாலேயே மெல்ல வழுக்கி இறங்கி மேசையில் படுத்தது. உடைந்திருந்தால் சடக்கென்று ஒரு சத்தம் வந்திருக்கும். ஈரம் குடித்த பிஸ்கட் சத்தமே போடாது, நனைந்த துணி மாதிரி மடங்கிவிடும். கையால் தூக்கிப் பார்த்தேன், விரல் பட்ட இடம் குழிந்தது. அப்போதுதான் மற்ற ஐந்தையும் தொட்டுப் பார்த்தேன். அந்த நிமிஷம் வயிற்றுக்குள் என்ன செய்தது என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுப்பிச் சொல்ல ஆள் இல்லை. கணவர் மஸ்கட்டில், பிள்ளைகள் தூக்கத்தில், மாமிக்கு எழுபத்தி நாலு வயசு. விடியும்வரை அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

நான் நாலு வருஷமாக வீட்டிலேயே பிளம் கேக் செய்து விற்கிறவள். கிறிஸ்துமஸ் சமயத்தில் அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்துக்கும் ஆர்டர் எடுப்பேன். அடுப்பு வேலை புதுசு இல்லை. அந்த வருஷம் ஜனவரியில் பெங்களூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது, பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடு செய்தேன். சுவர்களை ஒட்டப் போட்ட ஐசிங், அதாவது முட்டை வெள்ளையில் அடித்த சீனிப் பசை, ஒரு மணி நேரத்தில் கல் மாதிரி இறுகியது. நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வீடு மூன்று வாரம் அவள் டிவி பக்கத்தில் அப்படியே நின்றதாம். அந்தப் படத்தைத்தான் கோட்டாறு சவேரியார் திருவிழா அன்றைக்கு, டிசம்பர் 3-ஆம் தேதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். இரண்டு நாளில் ஆறு ஆர்டர். நாலு வீட்டுக்காரர்களுக்குத் தலைக்கு ஒன்று, ஒரு பள்ளியின் கிறிஸ்துமஸ் விழா மேடைக்கு இரண்டு. ஒன்றுக்கு 1,800 ரூபாய், முன்பணம் 500. சந்தோஷத்தில் எதையும் யோசிக்கவில்லை. ஜனவரியில் பெங்களூர்க் காற்று வறண்டிருக்கும், டிசம்பரில் குமரி மாவட்டக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. வடகிழக்குப் பருவமழை கிறிஸ்துமஸ் வரைக்கும் போகும் என்று சின்ன வயசிலிருந்தே பார்க்கிறோம். தெரிந்த விஷயத்தை அடுப்படியில் பொருத்திப் பார்க்காமல் விட்டேன்.

அதோடு இன்னொரு காரியமும் செய்தேன். பெங்களூரில் வெள்ளைச் சீனியும் கொஞ்சம் பிரவுன் சுகரும் போட்டுத்தான் செய்தேன். இங்கே ஆர்டர் என்றதும், நம் ஊர் ருசியில் கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சீனியை எடுத்துவிட்டு முழுக்கக் கருப்பட்டி, அதோடு மார்த்தாண்டம் தேன், மாறாமலைக் கிராம்பு, நல்ல சுக்கு. மாவின் வாசனை அற்புதமாக இருந்தது, அதில் குறையே சொல்ல மாட்டேன். நம் மலைக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைப் போட்ட பிஸ்கட்டுக்கு ஒரு தனி வீச்சு உண்டு. ஆனால் கருப்பட்டியும் தேனும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாச் சர்க்கரையும் ஈரம் இழுக்கும்தான். தேனில் பழச்சர்க்கரை அதிகம், அது வெள்ளைச் சீனியைவிட வேகமாக இழுக்கும். கருப்பட்டி மழைக்காலத்தில் வியர்ப்பதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஊரும் மாறியது, செய்முறையும் மாறியது, மாற்றிய பிறகு ஒரே ஒரு வீடுகூடச் சோதனைக்குக் கட்டிப் பார்க்காமல் ஆறு ஆர்டரை வாங்கிவிட்டேன். நீங்கள் விற்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து உங்கள் வீட்டில், உங்கள் மழையில், முதலில் ஒன்றைக் கட்டி ஐந்து நாள் வைத்துப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் செய்தால் போதும், அப்போதே நம் ஊரில் மழை இருக்கும்.

14, 15 தேதிகளில் சுவர்களையும் கூரைகளையும் சுட்டேன். 16-ஆம் தேதி காலையிலிருந்து ராத்திரி வரை ஒட்டினேன். ஐசிங் இறுகவே இல்லை. பெங்களூரில் ஒரு மணி நேரம் எடுத்தது இங்கே ஐந்து மணி நேரமாகியும் விரலில் ஒட்டியது. பொறுமை இல்லாமல், சுவர் நின்றால் போதும் என்று கூரையை ஏற்றிவிட்டேன். 17-ஆம் தேதி காலையில் கூரை விளிம்பு லேசாகத் தொங்குவதைப் பார்த்தேன். வெயில் வந்தால் சரியாகும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். வெயில் எங்கே வந்தது? திங்கட்கிழமை விடிந்தபோது நாலு வீடு விழுந்திருந்தது, இரண்டு சாய்ந்து நின்றது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. விழுந்த வீடுகளுக்குள் எறும்பு வரிசை. ஜெம்ஸ் மிட்டாயின் சிவப்பும் நீலமும் கரைந்து வெள்ளை ஐசிங்கில் கோடு கோடாக வழிந்திருந்தது. பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார்கள். அவர்கள் பேசாமல் போனதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் பதற்றத்தில் செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதற்றத்தில் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். கரண்ட் வந்ததும் 19, 20 தேதிகளில் மறுபடியும் மாவு பிசைந்து நாலு வீட்டுக்குச் சுட்டேன். ஐசிங்கை நம்பாமல், சீனியைப் பாகாக உருக்கி ஒட்டினால் உடனே பிடிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததைச் செய்தேன். உடனே பிடிக்கத்தான் செய்தது. ஆனால் பொன்னிறத்துக்கு வந்த சீனிப்பாகு 160 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். கொதிக்கும் தண்ணீர் தெறித்தால் வழிந்து ஓடிவிடும், பாகு தோலோடு ஒட்டிக்கொண்டு வேக வைக்கும். எனக்கு வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பட்டது. அவசரத்தில் பற்பசை தேய்த்தேன், அது தப்பு. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் விரலைப் பிடித்திருக்க வேண்டும். கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது. அந்த விரலோடுதான் கிறிஸ்துமஸ் முடியும்வரை கேக் வெட்டினேன். இத்தனைக்கும் அந்தப் பாகு இரண்டே நாளில் ஈரம் இழுத்துப் பிசுபிசுத்து, மூட்டு மூட்டாக விட்டுக்கொண்டது. ஜன்னலுக்குக் கண்ணாடி மாதிரி ஊற்றிய சீனியும் மங்கலாகி வழிந்தது. குமரியில் மழைக்காலத்தில் சீனிப்பாகில் வீடு ஒட்ட வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் அறவே வேண்டாம்.

முடிவில் ஆறில் இரண்டைத்தான் கொடுக்க முடிந்தது. சாய்ந்து நின்ற இரண்டுக்கும் உள்பக்கம் அட்டை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினேன். ஒன்று பள்ளி விழாவுக்குப் போனது. மூன்று மணி நேர நிகழ்ச்சி, அதுவரை நின்றது. இன்னொன்று தக்கலையில் ஒரு வீட்டுக்கு, ஆட்டோவில் மடியில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். 24-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு, பாதிரா (நள்ளிரவு) ஆராதனைக்குப் புறப்படும் நேரம், அந்த அம்மாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கிறிஸ்துமஸ் குடில் முன்னால் வீடு விழுந்து கிடக்கிறது. அவர் பணம் கேட்கவில்லை, “பிள்ளை அழுதுட்டா, அதான் சொன்னேன்” என்று மட்டும் எழுதியிருந்தார். 1,800 ரூபாயையும் அப்போதே திருப்பி அனுப்பினேன். கோயிலில் எனக்குப் பாட்டும் கேட்கவில்லை, பிரசங்கமும் கேட்கவில்லை.

கணக்கு இது. முதல் தடவை மாவு, வெண்ணெய், கருப்பட்டி, தேன், முட்டை, ஐசிங் சுகர், மிட்டாய் எல்லாம் சேர்த்து 5,200. இரண்டாம் தடவை 2,100. அடிப்பலகை, பெட்டிகள் 1,350. ஆட்டோ 700. மொத்தம் 9,350 போனது, கையில் மிஞ்சியது பள்ளி கொடுத்த 1,800. ஆக 7,550 ரூபாய் நஷ்டம். அந்த வாரம் முழுக்க இதில் உட்கார்ந்ததால் 11 கிலோ பிளம் கேக் ஆர்டரை வேண்டாம் என்று சொன்னேன், அதில் குறைந்தது 2,500 நின்றிருக்கும். பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். சுட, ஒட்ட, அலங்கரிக்க ஒரு வீட்டுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. எதுவும் விழாமல் இருந்திருந்தாலும் 1,800 என்பது குறைந்த விலைதான். விலை சொல்லும்முன் கடிகாரம் பார்த்து ஒரு வீட்டை முழுதாகச் செய்து பாருங்கள். மாவு விலையை யாரும் மறப்பதில்லை, நம் நேரத்தின் விலையைத்தான் பெண்கள் விட்டுவிடுகிறோம்.

ஜனவரியில் ஒரு நாள் மீந்த துண்டுகளைத் தூக்கிப் போடப் போனபோது மாமி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். “ருசி எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்ளே. ஆனா கருப்பட்டிய மழ காலத்துல நாம எங்க வைப்போம்? அடுப்புக்கு மேல பொகையிலதானே கட்டித் தொங்கவிடுவோம்? நீ அத மேசையில வச்சா நிக்குமா?” என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். விறகடுப்புக் காலத்தில் பரணில், புகையும் சூடும் படும் இடத்தில் கருப்பட்டியை வைத்ததன் காரணம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அவர் அச்சு முறுக்கு சுட்டதும் ஆறவிட்டு உடனே டின்னில் போட்டு மூடுவதும் அதனால்தான். முன்கூட்டியே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேல்நாட்டுப் பலகாரம், மாமிக்கு இதில் என்ன தெரியும் என்று நினைத்தது என் தப்பு.

அதன்பிறகு கொஞ்சம் படித்தேன். இந்தப் பலகாரம் ஜெர்மனிப் பக்கத்து வழக்கம். நியூரம்பெர்க் நகரம் நூற்றாண்டுகளாக இதற்குப் பேர் போனது. நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் 1991 முதல் வருஷா வருஷம் ஒரு நகரத்தையே ஜிஞ்சர்பிரெட்டில் கட்டி வாரக்கணக்கில் காட்சிக்கு வைக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது, ஏனென்றால் பெர்கன் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊர். பிறகுதான் விளங்கியது. அங்கே வெளியில் குளிர், கட்டடத்துக்குள் ஹீட்டர். குளிர்ந்த காற்றில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும், அதைச் சூடாக்கும்போது அது காய்ந்த காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்றில் பிஸ்கட் நாளுக்கு நாள் இறுகும். நமக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். அவர்கள் செய்முறையில் “ஒரு இரவு வெளியே வைத்து உலர விடவும்” என்று எழுதியிருக்கும். நாம் ஒரு இரவு வெளியே வைத்தால் அது நமத்துப்போகும். இந்த ஒரு வரியை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பத்தாயிரம் போயிருக்காது.

350 ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். 2024 நவம்பரில் ஒரு மழை நாளில் அடுக்களையில் வைத்தேன், 88 சதவீதம் காட்டியது. படுக்கையறையில் ஏசியை ‘டிரை’யில் போட்டுக் கதவை அடைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 58. அங்கேதான் வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏசி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், ஓடிஜி என்கிற சின்ன கரண்ட் ஓவனும் காற்றுப் புகாத டப்பாவும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

இப்போது நான் செய்கிற மாவு: மைதா 500 கிராம், சீனி 150 கிராம், கெட்டிக் கருப்பட்டிப் பாகு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், ஒரு முட்டை, சுக்குப்பொடி இரண்டு டீஸ்பூன், பட்டைப்பொடி ஒன்று, கிராம்புப்பொடி அரை, உப்பு ஒரு சிட்டிகை. தேனை விட்டுவிட்டேன். கருப்பட்டியை முழுசாக விட எனக்கு மனசு வரவில்லை, அது இல்லாவிட்டால் வாசனையில் நம் ஊர் இல்லை. அதனால் குறைத்தேன். சோடா உப்போ பேக்கிங் பவுடரோ போடவே கூடாது. போட்டால் உப்பிவிடும், வெட்டிய அளவு மாறும், சுவரோடு சுவர் பொருந்தாது. உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பிசையலாம், சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். பட்டர் பேப்பரிலேயே ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அட்டை வைத்து வெட்டி, சுற்றியுள்ள மாவைத்தான் எடுக்க வேண்டும். வெட்டிய துண்டைத் தூக்கினால் இழுபட்டுக் கோணும். என் அட்டை அளவு: முன்சுவரும் பின்சுவரும் 14 சென்டிமீட்டர் அகலம், கூரை தொடங்கும் இடம் வரை 11 உயரம், உச்சி 19. பக்கச் சுவர் 16-க்கு 11. கூரை 18-க்கு 13. இந்த மாவு ஒரு வீட்டுக்குச் சரியாக வரும், கொஞ்சம் மிஞ்சும்.

170 டிகிரியில் பதினாறு, பதினெட்டு நிமிஷம், ஓரம் நன்றாகச் சிவக்க வேண்டும். எடுத்த சூட்டிலேயே அட்டையை மறுபடி வைத்து ஓரத்தை வெட்டி நேராக்கிவிடுங்கள், ஆறிவிட்டால் உடையும். அடுத்தது யாரும் எழுதாத ஒரு படி, நான் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஓடிஜியை 100 டிகிரிக்கு இறக்கி, எல்லாத் துண்டுகளையும் மறுபடியும் நாற்பது நிமிஷம் காயவிட வேண்டும். பரணில் கருப்பட்டி இருந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடிஜிக்குள்ளேயே முழுசாக ஆறவிட்டு, உடனே டின்னில் அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடிவிடுங்கள். லேசான சூடு இருக்கும்போது மூடினால் உள்ளே வியர்த்துவிடும். ஒட்டும் நாள் அன்றைக்கு ஒரு துண்டை விரலால் சுண்டிப் பாருங்கள், டக்கென்று ஓடு மாதிரி சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி ஓடிஜி. சுவரின் உள்பக்கத்தில் வெள்ளை காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி மெல்லிசாகப் பூசினால் அதிலிருக்கும் கொழுப்பு ஈரத்தை மெதுவாக்கும். ஒரு வீட்டுக்கு நூறு கிராம் ஆகும், செலவைப் பார்க்காமல் பூசலாம்.

ஐசிங்குக்கு ஒரு முட்டை வெள்ளைக்கு 170 முதல் 180 கிராம் ஐசிங் சுகர், எலுமிச்சைச் சாறு சில துளி. வீட்டில் மிக்ஸியில் பொடித்த சீனி சரிவராது. பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அடித்தால் எழும்பாது. கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் குத்தி நிற்க வேண்டும். பச்சை முட்டையைப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்பதால் விற்கிறவற்றுக்கு நான் இப்போது மெரிங் பவுடர்தான் (காயவைத்த முட்டை வெள்ளைப் பொடி) போடுகிறேன். நாகர்கோவிலில் கேக் சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும், விலை கூடுதல்தான். நாலு சுவரையும் ஒட்டி, டம்ளர்களை முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். கூரை மறுநாள்தான். அந்த மறுநாளை நான் 2023-இல் என் வீடுகளுக்குக் கொடுக்கவில்லை.

எறும்புக்கு எங்கள் பாட்டி செய்த வழிதான். ஸ்டூல் கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் வீட்டை வைக்கிறேன், சுவரில் எதுவும் படக்கூடாது. எறும்புச் சாக்பீஸைச் சாப்பாட்டுச் சாமான் பக்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். அலங்காரத்துக்கு ஜெம்ஸ் வேண்டுமானால் கடைசி நாள் ஒட்டலாம். எனக்குப் பிடித்தது முந்திரிப் பருப்பும் கல்கண்டும் காய்ந்த தேங்காய்த் துருவலும், இவற்றில் சாயம் கரையும் பயம் இல்லை. உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன சீரியல் பல்பு வைக்கலாம். ஜன்னலுக்கு மஞ்சள் கண்ணாடித் தாளை உள்பக்கம் ஒட்டிவிட்டேன். அந்த மாதிரி வீட்டை வாங்குகிறவர்களிடம் இது அழகுக்கு, ஒரு வாரம் தூசியில் நின்ற பிறகு தின்னக் கொடுக்காதீர்கள் என்று சொல்லி, தின்பதற்கு அதே மாவில் பிஸ்கட் ஒரு பொட்டலம் தனியாகக் கொடுக்கிறேன்.

2024-இல் நான் செய்த பெரிய மாற்றம் வேறு. கட்டிய வீட்டை விற்பதையே குறைத்துக்கொண்டேன். காய்ந்த துண்டுகளை ஒட்டிய கவரில் அடைத்து, மெரிங் பவுடர் கலந்த ஐசிங் சுகர் ஒரு பொட்டலம், ஐசிங் பிழியும் பைப்பிங் கவர், மிட்டாய், எப்படிக் கட்டுவது என்று கையால் எழுதிய ஒரு தாள், எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு 900 ரூபாய். 23-ஆம் தேதி சுவர், 24-ஆம் தேதி கூரை என்று தாளில் பெரிசாக எழுதினேன். குழி விழுந்த ரோட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிற பயமும் போனது. எட்டுப் பெட்டி போனது, செலவு போக ஒன்றுக்கு 480 நின்றது. கட்டின வீடு இரண்டே இரண்டு, தலைக்கு 2,500. இரண்டையும் ஏசி அறையில் கட்டி 24-ஆம் தேதிதான் வெளியே எடுத்தேன். எல்லாம் சேர்த்து 7,200-க்கு மேல் கிடைத்தது. முந்தின வருஷம் கையிலிருந்து போன 7,550-இல் கிட்டத்தட்ட முழுசும் திரும்பி வந்தது.

முதல் பெட்டியை நான் யாருக்கும் விற்கவில்லை. தக்கலைக்குக் கொண்டுபோய், முந்தின கிறிஸ்துமஸில் அழுத அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். அவள் அம்மா வேண்டாம் வேண்டாம் என்றார், நான் வைத்துவிட்டு வந்தேன். 24-ஆம் தேதி மத்தியானம் போட்டோ வந்தது. ஐசிங் அங்கங்கே வழிந்து, கதவு கோணலாக, நன்றாகக் கட்டியிருந்தாள்.

எங்கள் வீட்டுக் குடிலுக்கும் ஒன்று கட்டினோம். பனி விழுந்த மாதிரி வெள்ளையாக அடிக்காமல், கூரை மாவில் வரிசை வரிசையாகப் பாதி நிலா வடிவில் அழுத்தி, நம் பழைய ஓட்டு வீடு மாதிரி செய்தேன். முன்னால் ஒரு திண்ணை, அதில் இரண்டு தூண். ஓடு அழுத்தியது முழுக்க மாமி, ஒரு சின்னக் கரண்டி முனையால். ஜனவரி 6, ராஜாக்கள் திருநாள் வரைக்கும் நின்றது. பின்சுவர் மட்டும் ஜனவரி 4-ஆம் தேதி வாக்கில் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. அந்தச் சுவருக்குச் சாக்லேட் போதாமல் பாதி பூசி விட்டிருந்தேன், இந்த வருஷம் நூறு கிராம் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.